ஓர் ஆன்மாவின் வரலாறு: தெரேசாவின் ஏடும் அக்காவின் பேனாவும்

'ஓர் ஆன்மாவின் வரலாறு' பிரான்சின் நார்மண்டி பகுதியில் உள்ள லிசியே நகரின் கார்மேல் மடத்தில் துறவியாக வாழ்ந்து 24 வயதில் மறைந்த குழந்தை இயேசுவின் தெரேசா (1873–1897) எழுதிய தன்வரலாற்று நூல். அவர் இறந்து சரியாக ஓராண்டு கழித்து, 1898 செப்டம்பர் 30 அன்று 2000 படிகளுடன் முதற்பதிப்பு வெளிவந்தது. கத்தோலிக்கத் துறவியர் எழுதியவற்றுள் இந்த அளவுக்குச் சாதாரண மக்களிடம் சென்று சேர்ந்த நூல்கள் மிகச் சில. தமிழகத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் சிலுவையையும் ரோஜாக்களையும் மார்போடு அணைத்து நிற்கும் 'சிறுமலர்' சுரூபத்தைப் பார்க்காதவர் குறைவு. நூலை வாசித்தவர்களோ அதைவிடக் குறைவு. வாசித்தவர்களிலும் பல தலைமுறையினர் வாசித்தது அவர் எழுதியபடி அல்ல, அவருடைய அக்கா திருத்தியபடி.

மூன்று ஏடுகள்

தெரேசா நூல் எழுத உட்காரவில்லை. 1894-95 குளிர்காலத்தில் ஒரு மாலை, மடத்தில் நெருப்பு மூட்டப்படும் பொது அறையில், தன் சிறுவயதுக் கதைகளை அக்காமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றை எழுதி வைக்கச் சொல்லலாமே என்றார் மூத்தவர் மரி. அப்போது மடத்தலைவியாக இருந்தவர் இரண்டாவது அக்கா போலின், துறவறப் பெயர் அன்னை ஆக்னஸ். முதலில் சிரித்தவர், பிறகு கட்டளையாகவே சொன்னார். தெரேசா ஒரு பள்ளி நோட்டுப்புத்தகத்தில் ஓராண்டு காலம் இரவு நேரங்களில் எழுதி 1896 ஜனவரியில் அதை அக்காவிடம் கொடுத்தார். இன்று முதல் ஏடு எனப்படுவது இது. 1896 செப்டம்பரில் மரி கேட்டதற்காக எழுதிய நீண்ட கடிதம் இரண்டாம் ஏடு. காசநோய் முற்றிய நிலையில், 1897 ஜூன் மாதத்தில் அப்போதைய மடத்தலைவி அன்னை மரி தெ கொன்சாக்கின் கட்டளைப்படி தொடங்கியது மூன்றாம் ஏடு. ஜூலையில் பேனா பிடிக்கவும் வலுவின்றி பென்சிலால் எழுதி, பாதியில் நின்றுபோனது.

கீழ்ப்படிதலின் பேரில் எழுதுவது கன்னியர் எழுத்தில் புதிதல்ல. 16-ஆம் நூற்றாண்டில் அவிலா தெரேசாவும் தன் வாழ்க்கையை ஒப்புரவுக் குருக்கள் சொன்னதால்தான் எழுதினார். ஆனால் அவர் தன்மேல் சந்தேகம் கொண்ட ஆண்களுக்காக எழுதினார், ஒவ்வொரு வரியிலும் ஒரு தற்காப்பு இருக்கும். லிசியே தெரேசா எழுதியது தன்னைத் தூக்கி வளர்த்தவருக்கு. தாய் 1877-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது நான்கரை வயதுக் குழந்தை தனக்கு அம்மாவாகத் தேர்ந்துகொண்டது போலினைத்தான். முதல் ஏட்டின் கலகலப்பு, செல்லம், குடும்பத்துக்குள் மட்டும் புரியும் கிண்டல் எல்லாம் இதிலிருந்து வருபவை.

அக்காவின் பேனா

கார்மேல் மடங்களில் ஒரு துறவி இறந்தால் அவரைப் பற்றிய சுற்றறிக்கை பிற கார்மேல்களுக்குப் போகும். தெரேசாவுக்குச் சுற்றறிக்கையின் இடத்தில் ஒரு நூலே போனது. அதைத் தயாரித்தவர் போலின். அவர் செய்த மாற்றங்கள் சுமார் 7000 என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி தொடங்கி வாக்கியங்களை மாற்றுவது, குடும்பச் செய்திகளை நீக்குவது, அத்தியாயமாகப் பிரிப்பது வரை எல்லாம் இதில் அடக்கம். மூன்று ஏடுகளும் தனக்கே எழுதப்பட்டவைபோலத் தோன்ற வேண்டும் என்பது வெளியிட அனுமதித்த அன்னை கொன்சாக்கின் நிபந்தனை. எனவே போலினிடமும் மரியிடமும் பேசிய பக்கங்களும் மடத்தலைவியைப் பார்த்துப் பேசும்படி ஆயின.

நூலுக்கு நேர்ந்த பெரிய சேதம் இந்த நிபந்தனையால்தான் வந்தது, சொல் திருத்தங்களால் அல்ல. தங்கை அக்காவிடம் பேசும் தொனியும் இளந்துறவி தலைவியிடம் பேசும் தொனியும் ஒன்றல்ல. முதல் ஏட்டில் தாராளமாக அழுகிற, பெருமை பேசுகிற, அடம்பிடித்ததைச் சொல்லிச் சிரிக்கிற குரல், கேட்பவர் மாறியதும் பக்திப் பாவனைபோல ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. தெரேசாவைச் சர்க்கரைப்பாகு என்று ஒதுக்கியவர்கள் பலரும் குறைகண்டது இந்தத் தொனியைத்தான்.

போலின் மேல் பழி போடுவது எளிது. தான் எழுதியதில் கூட்டவும் குறைக்கவும் தங்கை கடைசி மாதங்களில் தனக்கு உரிமை கொடுத்தார் என்று அவர் குறித்திருக்கிறார். திருத்தியவரே தரும் சாட்சியம் என்பதால் அதை அப்படியே ஏற்க முடியாது, பொய் என்று தள்ளவும் காரணமில்லை. முதல் ஏட்டை எழுதச் சொன்னவர் அவர், மூன்றாம் ஏட்டுக்காக அன்னை கொன்சாக்கிடம் பக்குவமாகப் பேசி இசைவு வாங்கியவரும் அவர். அவரின்றித் திருத்துவதற்கே எதுவும் இருந்திராது. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை, அதாவது 1951 வரை, மூல ஏடுகள் வெளிவரவில்லை. தெரேசா 1925-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும், 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கப்பட்டபோதும் உலகம் வாசித்தது திருத்திய நூலையே. 1956-இல் பிரான்சுவா தெ சேன்ட்-மரி என்ற கார்மேல் குரு ஏடுகளை அப்படியே நகல் பதிப்பாக வெளியிட்டார். அடிக்கோடுகள், கோணல் எழுத்து, கடைசிப் பக்கங்களின் பென்சில் வரிகள் எல்லாம் அதில் தெரிந்தன.

கூழாங்கல் அளவுச் செய்திகள்

நூலின் உச்சம் மூன்றாம் ஏடு. அதில் காட்சிகளோ பரவசங்களோ இல்லை. சுமார் 25 பெண்கள் வெளியே போக வழியின்றி ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் இருக்கிறது. மாலைத் தியானத்தில் பின்னால் அமரும் சகோதரி ஒருவர் ஓயாமல் ஒரு சிறு ஓசை எழுப்புகிறார், இரண்டு சிப்பிகளை உரசுவதுபோல. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். தெரேசா திரும்பவில்லை. அடக்கிக்கொண்டதில் வியர்த்துப்போகிறது. செபம் செய்ய முடியாதபோது அந்த ஓசையையே கச்சேரியாகக் கேட்டுக் கடவுளுக்குக் கொடுக்க முயல்கிறார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நிற்பவர் கைக்குட்டையை அடிக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. முகத்தைத் துடைத்தால் மற்றவருக்குக் குத்தலாகிவிடும் என்று துடைக்காமல் நிற்கிறார்.

நடக்க முடியாத முதிய சகோதரி ஒருவரை மாலைதோறும் உணவறைக்கு அழைத்துப்போகும் பகுதி இன்னும் நுட்பமானது. அந்த முதியவர் மணற்கடிகையை ஆட்டிச் சைகை செய்வார். இருக்கையை இப்படித்தான் நகர்த்த வேண்டும், பின்னால் இப்படித்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாக நடந்தால் விழப்போகிறேன் என்பார், மெதுவாக நடந்தால் பிடி தெரியவில்லை என்பார். இவ்வளவு சின்னப் பெண் தன்னை எப்படித் தாங்குவாள் என்பது அவருடைய நிரந்தரக் குறை. உட்கார்த்தி, கையங்கியை அவர் விரும்பும் விதத்தில் மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒருநாள் அவர் ரொட்டி வெட்டத் திணறுவதைப் பார்த்த தெரேசா, அன்றிலிருந்து அதையும் வெட்டித்தந்துவிட்டுப் போகிறார். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படாத பக்கங்கள் இவை.

பிடிக்காத சகோதரியைப் பற்றிய இடத்தில் தெரேசாவின் நகைச்சுவை கூர்மையாகத் தெரிகிறது. எதைச் செய்தாலும் எரிச்சலூட்டும் அவரிடம் மிக இனிமையாகச் சிரித்துப் பேசுகிறார். அந்தச் சகோதரியோ, என்னிடம் அப்படி என்ன கண்டு ஈர்க்கப்பட்டாய் என்று மகிழ்ச்சியோடு கேட்கிறார். சண்டை வந்துவிடும் என்று தோன்றிய வேளைகளில் போர்க்களத்தைவிட்டு ஓடும் வீரனைப்போல ஓடிவிட்டதையும் தெரேசா மறைக்கவில்லை.

இந்த 'சிறிய வழி' மீது ஒரு நியாயமான மறுப்பு உண்டு. முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் கூடாது என்ற பொறுமை, அடங்கிப்போகப் பழக்கப்பட்ட பெண்களுக்கு மேலும் ஒரு பூட்டாக முடியாதா? சில மடங்களிலும் பள்ளிகளிலும் தெரேசா அப்படியே பயன்படுத்தப்பட்டிருக்கிறார். ஆனால் ஏட்டில் இருப்பவர் அடங்கிப்போனவர் அல்ல. பதினைந்து வயதில் மடத்தில் சேர அனுமதி கேட்டு, பேசக் கூடாது என்ற உத்தரவை மீறி 1887-இல் திருத்தந்தை 13-ஆம் லியோவின் காலடியில் மண்டியிட்டு வாய்விட்டுக் கேட்டவர். குருவாக வேண்டும் என்ற ஆசையை இரண்டாம் ஏட்டில் மறைக்காமல் எழுதியவர். அவருடைய பொறுமை பயத்தில் பிறந்ததல்ல என்பதை வாழ்க்கையின் இந்தப் பாதியையும் சேர்த்து வாசித்தால்தான் காண முடியும்.

இருள்

1896 ஏப்ரல் 3, பெரிய வெள்ளிக்கு முந்தைய இரவில் தெரேசாவுக்கு முதன்முறை இரத்தம் வந்தது. அடுத்த சில நாட்களில், பாஸ்கா காலத்தில், விண்ணுலகம் உண்டு என்ற உணர்வே அவரைவிட்டுப் போய்விட்டது. சாகும்வரை திரும்பவில்லை. நம்பிக்கையற்றவர்கள் உண்மையில் இல்லை, அப்படிப் பேசுகிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தவர், இப்போது அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து அவர்களுடைய கசப்பான அப்பத்தை உண்பவராகத் தன்னை எழுதினார். அவர்களைத் திருத்த அவர் அங்கே போகவில்லை, கூட உட்கார்ந்திருக்கிறார். இறப்புக்குப் பின் ஒன்றுமே இல்லை என்று அந்த இருள் தன்னை ஏளனம் செய்வதை எழுதும்போது, இதற்குமேல் எழுதினால் தெய்வநிந்தனை ஆகிவிடும் என்று பேனாவை நிறுத்திக்கொள்கிறார்.

இந்தப் பகுதியைப் போலின் மறைத்துவிட்டார் என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. சாரம் முதலிலிருந்தே அச்சில் இருந்தது. வாசகர்கள்தான் அதைத் தாண்டிப் போனார்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்து, கொல்கத்தாவில் அவர் பல்லாண்டுகள் அனுபவித்த இருள் தெரியவந்தபோது உலகம் திடுக்கிட்டது. அவர் தன் துறவறப் பெயரை எடுத்துக்கொண்டது இந்த லிசியே தெரேசாவிடமிருந்துதான் என்பதை நினைத்தவர்களுக்கு அவ்வளவு வியப்பு இருந்திருக்காது.

தாண்டிப்போகச் செய்ததில் படங்களுக்குப் பங்குண்டு. 1894-இல் மடத்தில் சேர்ந்த நான்காவது அக்கா செலின் புகைப்படக் கருவியோடு வந்தார். அவர் எடுத்தவற்றை அப்படியே வெளியிடாமல், மெருகேற்றியும் தானே வரைந்தும் மென்மையான முகம் ஒன்றை உலகுக்குக் கொடுத்தார். சுரூபங்களின் முகம் அந்த வழியில் வந்தது. மெருகிடாத புகைப்படங்கள் 1961-இல்தான் நூலாக வெளிவந்தன. 1897 ஜூன் 7 அன்று எடுத்த படங்களில் தெரேசா குழந்தை இயேசுவின் படத்தையும் இயேசுவின் திருமுகப் படத்தையும் கையில் பிடித்து மண்டியிட்டிருக்கிறார். அகன்ற தாடை, நேராகப் பார்க்கும் களைத்த கண்கள். இருளைப் பற்றிய பக்கங்களை அவர் எழுதியதும் அதே ஜூன் மாதத்தில்தான்.