கொங்கோங் பொறுக்கும் கரையும் நம் கதைகளும்

மலேசியத் தமிழ்ப் புனைவில் கடல் எங்கே வருகிறது? கப்பலில் வந்து இறங்கும்போது ஒரு தடவை. அப்புறம் ரப்பர் தோட்டம், பிறகு பட்டணத்து அடுக்குமாடி. நான் வாசித்த அளவில் இவ்வளவுதான். (ப. சிங்காரத்திடம் கடல் உண்டு. ஆனால் அது வணிகர்களின் கடல், தாண்டிப் போவதற்கான கடல்.)

ஜொகூரில் கேலாங் பாத்தா பக்கம் கடல் நன்றாக வற்றும்போது மெராம்போங் மேட்டில் கடற்புல் வெளியே தெரியும். ஊர் ஆட்கள் அங்கே கொங்கோங் பொறுக்குவார்கள். சங்கு மாதிரி இருக்கும். அவித்து, பல்குத்தும் குச்சியால் சதையை இழுத்து, சம்பலில் தோய்த்துச் சாப்பிடுவது. பக்கத்திலுள்ள தஞ்சோங் குப்பாங்கை வெளியாட்களுக்கு 1977 விமான விபத்தால்தான் தெரியும். குப்பாங் என்றால் ஒரு கடற்சிப்பி என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

அங்குள்ள கம்போங் பெண்டாஸில் 2008-இல் ஆரம்பித்தது கெலாப் அலாமி. செரினா ரஹ்மானோடு சேர்ந்து உள்ளூர் இளைஞர்களே கடற்புல்லை அளந்து, அங்கே வாழ்கிற உயிர்களைப் பதிவு செய்தார்கள். 2014-இல் ஃபாரெஸ்ட் சிட்டிக்காக அந்தக் கடலில் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். நான் பொறியாளன், வரைபடம் பார்த்துப் பழகியவன். கடலை நிரப்பும் வரைபடத்தில் அந்த இடம் ஆழத்தைக் குறிக்கும் சில எண்கள், அவ்வளவுதான். ஊராரின் பதிவிலோ அது பேருள்ள இடம். சிப்பி ஒட்டிச் செய்த அலங்காரத்தைவிட இதையே சமூகக் கலை என்று சொல்வேன். யாருடைய கரை என்று கேட்கிறபோது காட்டுவதற்கு ஏதோ ஒன்றாவது இருக்கும்.

நாமோ மேடைதோறும் நெய்தல் பேசுகிறோம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறில் ஞாழலுக்கு ஒரு பத்து, வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்து. கரையில் எது பூக்கும், எது மேயும் என்று அறிந்தவரின் பாட்டு அது. பிரிவுத் துயரை அந்த அறிவின் மேல்தான் ஏற்றுகிறார். நாம் துயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தக் கரையை வைத்து ஒரு கதை எழுதினேன். அலை இருந்தது, நிலா இருந்தது, சிங்கப்பூர் விளக்குகள்கூட இருந்தன. ஒரு சிப்பியின் பேர் இல்லை. திருத்தி எழுதலாம் என்று மறுபடி போனபோது, கொங்கோங் விற்ற மக்சிக்கிடம் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மலாயில் கேட்டேன். "பாதி புதைஞ்சு கிடக்கும், மேலே பாசி படிஞ்சிருக்கும். உனக்குக் கல்லு மாதிரிதான் தெரியும்" என்றார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். கதை இன்னும் பாதியில்தான் நிற்கிறது.