விற்ற பின்னும் விடாத கை

ஒரு நூலை விலை கொடுத்து வாங்குகிறவர் அதனுடன் சில உரிமைகளையும் சேர்த்தே வாங்குகிறார். அவற்றை எவரும் எழுதித் தருவதில்லை. எழுதித் தர வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வாங்கிய நூலை அவர் வேண்டியபொழுது படிக்கலாம், ஓரத்தில் குறிப்பெழுதலாம், நண்பருக்கு இரவல் தரலாம், மகளின் திருமணத்திற்குப் பரிசாக அளிக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்றுவிடலாம், தம் காலத்திற்குப் பின் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்ற கடைக்காரர் வீடு வரை பின்தொடர்ந்து வந்து, இதை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை.

நூல் தாளை விட்டு மின்திரைக்கு இடம்பெயர்ந்த இந்தக் கால் நூற்றாண்டில், மேற்சொன்ன உரிமைகள் ஒவ்வொன்றாக வாங்கியவர் கையிலிருந்து நழுவியிருக்கின்றன. அவை நழுவியதற்கு ஒரு பூட்டே காரணம். ‘டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்’ என்பது அப்பூட்டின் ஆங்கிலப் பெயர். உரிமையைப் பேணுதல் என்று பொருள்படும் பெயர். ஆனால் யாருடைய உரிமையை என்பதைப் பெயர் சொல்லவில்லை.

அதன் செயல்முறை எளியது. நூலின் எழுத்துகள் பிறர் படிக்க இயலாத மறைகுறிகளாக மாற்றப்படுகின்றன. அவற்றை மீண்டும் எழுத்தாக்கும் திறவுகோலை விற்பனையாளர் தம் கணிப்பொறியிலிருந்து வாங்கியவரின் கருவிக்கு அனுப்புகிறார். அவர் ஒப்பிய கருவியில், அவர் ஒப்பிய அளவில் மட்டுமே நூல் திறக்கும். கொடுத்த திறவுகோலைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அவருக்கு அரிதன்று.

வாய்விட்டுப் படிக்கலாகாத நூல்

லூயி கரோல் இயற்றிய ‘அற்புத உலகில் ஆலிஸ்’ 1865இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ஒரு கதையே பின்னர் நூலாயிற்று. அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்து நெடுங்காலமாகிறது. இன்று அதை யாரும் அச்சிடலாம், யாரும் விற்கலாம். அத்தகைய நூலை அடோபி நிறுவனத்தின் மென்பொருளில் படிக்கும் வண்ணம் 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு மின்பதிப்பு வெளியிட்டார்கள். அதனுடன் இணைந்த அனுமதிப் பட்டியல் வருமாறு: இதிலிருந்து எதையும் படியெடுக்கலாகாது, அச்சிடலாகாது, இரவல் தரலாகாது, பிறருக்கு வழங்கலாகாது, இதை வாய்விட்டுப் படிக்கவும் ஆகாது!

நகையாடத் தொடங்கியதும் நிறுவனம் விளக்கம் தந்தது. மனிதர் படிப்பதைத் தாங்கள் தடுக்கவில்லை; உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் வசதி அந்நூலுக்கு இல்லை என்பதே பொருள் என்றது. விளக்கம் உண்மையே. ஆனால் அதுவன்றோ நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டுவது? அந்த வசதி யாருக்குத் தேவை? கண்பார்வை இழந்தவருக்குத் தேவை. எவருக்கும் உரிமையில்லாத, உலகுக்கே பொதுவான ஒரு நூலை, கண் தெரியாத ஒருவர் செவியால் அறிய இயலாதபடி ஒரு பூட்டு தடுத்தது. எந்த ஆசிரியரின் எந்த உரிமை அங்கே காக்கப்பட்டது?

இதைப் பழங்கதை என்று ஒதுக்கலாகாது. 2009 பிப்ரவரியில் அமேசான் நிறுவனம் வெளியிட்ட ‘கிண்டில் 2’ என்னும் படிப்புக் கருவிக்கு நூல்களை உரக்கப் படித்துக் காட்டும் ஆற்றல் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. ஒலிநூல் விற்பனை கெடும் என்பது அவர்தம் அச்சம். அம்மாத இறுதிக்குள், எந்த நூல் பேசலாம், எது ஊமையாக இருக்க வேண்டும் என்று உரிமையாளரே முடிவு செய்யலாம் என அமேசான் இணங்கிவிட்டது. ஏப்ரலில் பார்வையற்றோர் நியூயார்க்கில் அச்சங்கத்தின் வாயிலில் கூடி முறையிட்டனர். அவர்கள் இலவசம் கேட்கவில்லை. விலை கொடுத்த நூலைப் படிக்கும் வழியைக் கேட்டார்கள்.

1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு

விற்ற பொருளின்மீது பிடியை விடாதிருக்கும் ஆசை கணிப்பொறிக்கு முந்தியது. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்துப் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை வெளியிட்டபோது, உள்ளே ஓர் அறிவிப்பை அச்சிட்டது. நூலின் விலை ஒரு டாலர். அதற்குக் குறைத்து விற்பதற்கு எந்த வணிகருக்கும் உரிமமில்லை. விற்றால் பதிப்புரிமையை மீறியதாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். நியூயார்க்கின் மேசி அங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு வந்தது: நூலை முதன்முறை விற்கும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு, விற்றபின் அந்தப் படி எங்கே, எவ்விலைக்குச் செல்ல வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தைப் பதிப்புரிமை அவருக்குத் தரவில்லை.

பழைய புத்தகக் கடைகளும் இரவல் நூலகங்களும் நிற்பது இத்தகைய நெறியின் மீதுதான். இன்று நடப்பதை இத்தீர்ப்பின் அருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். அன்று தாளில் அச்சிட்டுப் பெற முடியாத அதிகாரத்தை, இன்று பூட்டில் வைத்துப் பெற்றுக்கொண்டார்கள். அச்சிட்ட ஆணையை வாசகர் மீறலாம், நீதிமன்றம் தள்ளலாம். பூட்டோ வாதத்துக்கே வருவதில்லை. திறக்க மறுக்கிறது, அவ்வளவே.

நூலகங்களின் நிலையையும் காண்க. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்கும் ஒவ்வொரு மின்னூலும் 26 முறை இரவல் தரப்பட்டதும் காலாவதியாகும் என்று விதித்தது. அச்சு நூல் நைந்துபோகும். ஆகவே மின்னூலும் நைய வேண்டும் என்பது அதன் நியாயம். நையாத பொருளை நைந்ததாக நடிக்கச் செய்ய ஒரு பூட்டு! அச்சு நூல் நைந்தால் தைத்து அட்டை போடும் நூலகரின் கைத்திறனுக்கு இங்கே வேலையில்லை.

மறைந்த நூல்கள்

2009 ஜூலை மாதத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் ஒரு மின்பதிப்பைப் பலர் அமேசானில் வாங்கியிருந்தனர். அப்பதிப்பை வெளியிட்டவருக்கு அமெரிக்காவில் அந்த உரிமை இல்லை என்று தெரியவந்ததும், நிறுவனம் வாங்கியோரின் கருவிகளிலிருந்தே நூல்களைத் தொலைவிலிருந்து அழித்து, பணத்தைத் திருப்பியது. ‘1984’ நாவலில், அரசுக்கு ஒவ்வாத ஆவணங்களைச் சுவடின்றித் தீயிலிடுவது கதைத்தலைவன் பணிபுரியும் அலுவலகத்தின் நடைமுறை. அந்த நாவலே அவ்விதம் மறைந்தது.

மிசிகன் மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். குறிப்புகள் எஞ்சின, அவை சுட்டிய பக்கங்கள் எஞ்சவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் தம் நிறுவனத்தின் செயல் அறிவற்றது என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு 1,50,000 டாலர் உடன்பாட்டில் முடிந்தது. இனி இன்ன சூழல்களில் அன்றி அழிப்பதில்லை என்ற உறுதிமொழியும் தரப்பட்டது. மன்னிப்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அழிக்க இயலும் என்ற நிலை அந்த மன்னிப்பால் மாறவில்லை.

பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரலில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடுவதாக அறிவித்தது. அங்கே வாங்கிய நூல்கள் அனைத்தும் ஜூலையில் திறக்க இயலாதவையாயின. இலவசமாகப் பெற்றவையும் அவ்வாறே. விலையைத் திருப்பித் தந்தார்கள். குறிப்பெழுதியிருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர் தந்தார்கள். கணக்கில் குறையில்லை. எனினும் ஒரு புத்தகக் கடை மூடப்படும்போது, அங்கே வாங்கிய புத்தகங்கள் நம் அலமாரியிலிருந்து மறைவது எங்காவது உண்டா?

பூட்டுக்குக் காவலான சட்டம்

பூட்டு உடையக்கூடியதே. ஆதலின் அதற்குச் சட்டம் காவலாக வந்தது. 1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்கியது. உள்ளே இருப்பதைத் திருடும் எண்ணம் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் கேள்வியாகவில்லை. விதிவிலக்கு வேண்டுவோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகரிடம் முறையிட வேண்டும். பார்வையற்றோரும் தாம் வாங்கிய மின்னூலைச் செவியால் கேட்கும் அனுமதிக்காக அவ்வாசலில் திரும்பத் திரும்ப நின்றார்கள்.

மாஸ்கோவைச் சேர்ந்த திமித்ரி ஸ்க்லியாரோவ் அடோபி மின்னூல்களின் பூட்டைத் திறக்கும் ஒரு மென்பொருளை எழுதியவர். அது அவர் நாட்டில் குற்றமன்று. 2001 ஜூலையில் லாஸ் வேகாஸ் மாநாட்டில் அப்பூட்டின் பலவீனங்களைக் குறித்து உரையாற்றிய அவர், நாடு திரும்புமுன் கைது செய்யப்பட்டார். கண்டனம் எழுந்தது, முறையிட்ட அடோபியே பின்வாங்கியது. 2002 டிசம்பரில் அவர் பணியாற்றிய நிறுவனம் குற்றமற்றதென ஜூரிகள் தீர்ப்பளித்தனர். ஓர் ஆராய்ச்சியாளர் பல மாதங்கள் தம் ஊருக்குப் போக இயலாமல் அயல்நாட்டில் தங்க நேர்ந்ததுதான் மிச்சம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் நிதானமானது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கத்தைக் கருதுவது நீதியின் முதற்படி. பார்வையற்றோர் நூல் பெற வழிகோலும் 2013ஆம் ஆண்டு மராக்கெஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்றதும் இந்தியாவே, ஆண்டு 2014. எனினும், நேரிய காரணத்துக்காக வாங்கியவர் வேண்டினால் பூட்டைத் திறந்து தர வேண்டும் என்ற கடமையை நம் சட்டமும் விற்பவர்மீது சுமத்தவில்லை.

எழுத்தாளரின் வாதம்

மறுபக்கத்தையும் நாம் நேர்மையோடு எடைபோட வேண்டும். எழுத்தை நம்பி வாழ்கிறவருக்குக் கள்ளப் படி என்பது வயிற்றிலடிப்பதாகும். நூலொன்று வெளிவந்த சில நாட்களில் அது கைப்பேசி வழியே விலையின்றிக் கைமாறுவதைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் நன்கறிவர். அதைச் செய்வோரிடம் நமக்குப் பரிவில்லை. படித்து மகிழ்ந்தவர் எழுதியவருக்குரியதைக் கொடாதிருப்பது அறமன்று.

ஆனால் பூட்டு அதைத் தடுத்ததா என்பதே வினா. அவ்வாறு உலவும் நூல்கள் பல, அச்சுப் பக்கங்களைப் படம்பிடித்துச் செய்தவை. மின்னூலின் பூட்டு அங்கே என் செய்யும்? பூட்டை உடைப்பதற்கும் உலகில் ஒருவர் போதும். உடைத்த படி பூட்டின்றியே பரவும். கள்ளப் படி வைத்திருப்பவர் அதை எந்தக் கருவியிலும் படிக்கிறார், யாருக்கும் தருகிறார், எந்தக் கடை மூடினாலும் இழப்பதில்லை. காசு கொடுத்தவர் மட்டுமே பூட்டுக்குள் இருக்கிறார். நேர்மைக்கு அபராதமும் களவுக்குச் சலுகையும் தருவதைக் காவல் என்பது எங்ஙனம்?

இசைத்துறை இதை அனுபவத்தால் கற்றது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தகடுகளைக் கணிப்பொறியில் இட்டவர்கள், தம்மையறியாமலே ஒரு மறைமுக மென்பொருளை உள்ளே விட்டுக்கொண்டார்கள். படியெடுப்பதைத் தடுக்க வந்த அது தன்னை ஒளித்துக்கொண்டதோடு, தீய நிரல்களும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. வழக்குகள் எழுந்தன, தகடுகளைத் திரும்பப் பெற்றார்கள். 2009இல் ஆப்பிள் நிறுவனம் தான் விற்ற பாடல்களின் பூட்டுகளை நீக்கியது. இசை விற்பனை அதனால் அழிந்துவிடவில்லை. நூலுலகில் டார் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களைப் பூட்டின்றி விற்கத் துணிந்தது. கள்ளப் படிகள் குறிப்பிடும்படியாகப் பெருகவில்லை என்று அதன் பிரிட்டிஷ் கிளை மறு ஆண்டே அறிவித்தது.

பின் ஏன் பூட்டுகள் நீடிக்கின்றன? பூட்டு கள்வனைத் தடுக்காவிடினும் வாடிக்கையாளரைக் கட்டிவைக்கிறது. ஒரு கடையில் நூறு நூல் வாங்கியவர் வேறு கடைக்குப் போகத் தயங்குவார். போனால் நூறும் உடன் வாரா. எழுத்தாளரின் பெயரால் இடப்பட்ட பூட்டின் திறவுகோல் எழுத்தாளரிடம் இல்லை. அது கடைக்காரரின் இடுப்பில் தொங்குகிறது.

‘வாங்கு’ என்னும் சொல்

இறுதியாக ஒரு சொல்லைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். மின்னூல் கடைகளின் பொத்தானில் ‘வாங்கு’ என்றே எழுதியிருந்தது. ஒப்பந்தத்தின் உட்பிரிவிலோ, இது விற்பனையன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றிருந்தது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி 2025 முதல் நடைமுறைப்படுத்திய சட்டமொன்று, உரிமமே என்பதைத் தெளிவாகக் கூறாமல் அச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது. சொல் திருந்தியது நன்று. பூட்டை அச்சட்டமும் தொடவில்லை. வாங்கிய கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கி, கம்பி வழியே கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியதும் அதே 2025இல், பிப்ரவரி 26ஆம் நாள்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலுக்குப் பூட்டு வேண்டா. கடையை மூடுகிறவர் திறவுகோலைக் கொடுத்துவிட்டு மூடட்டும். கண்ணற்றவர் கேட்கவும், உரியவர் தம் இல்லத்தாருடன் பகிர்ந்துகொள்ளவும் வழியிருக்கட்டும். அதுவரை, பூட்டின்றி விற்கும் பதிப்பாளரைத் தேடி அவரிடமே வாங்குவதும், வாங்கிய நூலை விலையின்றிப் பரப்பாதிருப்பதும் வாசகராகிய நம் கடன். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் நூல்களை அச்சுப் பிரதியாகவே வாங்கி அலமாரியில் வைப்போம். அவற்றைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.