ஏடிபி ஒப்பீடும் கட்-ஆஃப் சராசரியும்

ஜூன், ஜூலை வந்தா எங்க தென்காசிக்கு ரெண்டு சீசன். ஒண்ணு குற்றாலம். இன்னொண்ணு பொறியியல் கவுன்சிலிங். ரெண்டாவது சீசன்ல, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து சம்பாதிக்கிற எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி வரும்: "சார், இந்த காலேஜ் கட்-ஆஃப் ஒரு சைட்ல ஒண்ணு போட்டிருக்கு, இன்னொரு சைட்ல வேற போட்டிருக்கு. எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுத்துக்கலாமா?"

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு கூட்டம் ஒவ்வொரு மார்ச் மாதமும் கேட்கிறது. ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுபவர்கள். அவர்கள் ஒப்பிடும் எண்ணுக்குப் பெயர் ஏடிபி, அதாவது சராசரி டிராஃப்ட் இடம். பேஸ்பாலுக்கும் நம்ம ஊர் கவுன்சிலிங்குக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். வரிசைப்படி ஆள் ஆளாக வந்து, மீதி இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவதுதான் இரண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் அங்கே உள்ள பழக்கத்தை இங்கே பின்பற்றுவதால்தான் பிள்ளைகள் கிடைக்கக்கூடிய இடத்தைக் கைவிடுகிறார்கள் என்பது என் வாதம்.

ஏடிபி எதற்கு?

ஃபேன்டஸி பேஸ்பாலின் இன்றைய வடிவம் 1980-ல் நியூயார்க்கில் தொடங்கியது. டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களோடு ஆரம்பித்தது. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் இன்றும் 'ரொட்டிசெரி' என்கிறார்கள். முதலில் ஐபிஎல் போல ஏலம்தான். பிறகு 'பாம்பு டிராஃப்ட்' பரவியது. 12 பேர் ஆடினால் முதல் சுற்றில் 1 முதல் 12 வரை வரிசை, இரண்டாவது சுற்றில் 12-லிருந்து 1-க்குத் திரும்பும். பாம்பு வளைந்து வருவதுபோல.

உங்களுக்கு ஐந்தாவது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5, 20, 29 என்று உங்கள் முறை வரும். 20-ல் நிற்கிறீர்கள். பிடித்த ஒரு வீரரின் ஏடிபி 26. அவரை இப்போதே எடுக்கணுமா, 29 வரை காத்திருக்கலாமா? ஏடிபி உதவுவது இந்தக் கேள்விக்குத்தான்: "என் அடுத்த முறை வரைக்கும் இவர் மிச்சம் இருப்பாரா?" அவர் நல்ல ஆட்டக்காரரா என்று அது சொல்லாது. மற்றவர்கள் சராசரியாக எப்போது எடுத்தார்கள் என்று மட்டும் சொல்லும்.

அதையும் அரைகுறையாகத்தான் சொல்லும். எல்லோரும் 24-க்கும் 28-க்கும் நடுவே எடுத்தாலும் சராசரி 26. பாதிப் பேர் 15-லும் பாதிப் பேர் 37-லும் எடுத்தாலும் 26-தான். முதல் வீரர் 29 வரை தங்கமாட்டார். இரண்டாமவர் தங்குவது காசு சுண்டிப் பார்க்கிற கதை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இப்போது தளங்களை ஒப்பிடுவோம். ஷோஹெய் ஓடானி பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். யாஹூவில் அவர் இரண்டு தனித்தனி ஆட்கள்: பேட்டர் ஓடானி, பிட்சர் ஓடானி. என்எஃப்பிசி போட்டிகளில் ஒரே ஆள். எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதை எடுத்தவர் அவ்வப்போது முடிவு செய்யணும். இந்த இரண்டு தளங்களின் ஓடானி ஏடிபியைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எந்த ஓடானி? உலகத்தில் இல்லாத ஒருவர்.

இன்னொன்று, எந்த வீரர் எந்த இடத்தில் ஆடலாம் என்ற விதி. யாஹூவில் ஓர் இடத்தில் 5 ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்தாலோ, 10 ஆட்டத்தில் தலைகாட்டியிருந்தாலோ போதும். என்எஃப்பிசியில் 20 ஆட்டம் வேண்டும். கே.எல். ராகுலை ஓர் ஆப்பில் கீப்பர் பட்டியலிலும் இன்னோர் ஆப்பில் பேட்ஸ்மேன் பட்டியலிலும் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் அதே ஆள்தான், கிராக்கி வேற.

என்எஃப்பிசியின் முக்கியப் போட்டியில் 15 அணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேட்சர்கள். ஆக 30 கேட்சர்கள் தேவை. 12 அணி, ஓர் அணிக்கு ஒரு கேட்சர் என்றால் 12 பேர் போதும். அங்கே கேட்சர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆக, தளங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி வீரரைப் பற்றியது அல்ல, விதியைப் பற்றியது. பல தளங்களின் சராசரியை ஒரே நெடுவரிசையில் போட்டுக் காட்டும்போது அந்த விதி காணாமல் போய்விடுகிறது.

பட்டியல் பட்டியலைப் பெறும்

மூன்றாவது சிக்கல் நுட்பமானது. டிராஃப்ட் திரையில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான். திரையில் வீரர்கள் அந்தத் தளம் தானே போட்ட தரவரிசைப்படி நிற்பார்கள். அவசரத்தில் கை மேலே இருப்பவரிடம்தான் போகும். நேரம் முடிந்தால் மென்பொருளே வரிசைப்படி எடுத்துவிடும். அப்புறம் இவற்றை எல்லாம் சேர்த்து 'மக்களின் கருத்து' என்று ஏடிபி வெளியிடுவார்கள். அதைப் பார்த்து அடுத்த வாரத்து ஆட்கள் எடுப்பார்கள்.

இந்தச் சுழல் எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. 48 அறிமுகமில்லாத பாடல்கள், 14,000-க்கும் மேற்பட்டோர். மற்றவர்கள் எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணைக் காட்டி, எட்டுத் தனித்தனி 'உலகங்களாக' பிரித்தார்கள். பாடல்கள் அதேதான், ஆனால் எது வெற்றி பெற்றது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போகவில்லை, ரொம்ப மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் உள்ளவை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றன. நம்முடைய பெரும்பாலான கல்லூரிகளும் அந்த நடுவில்தான் இருக்கின்றன.

நம்ம ஊர் அட்டவணைகள்

இப்போது டிஎன்இஏ. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். ஒரு கல்லூரியின் ஒரு பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் மதிப்பெண்ணைத்தான் அடுத்த ஆண்டு 'அந்த காலேஜ் கட்-ஆஃப்' என்கிறோம். மேலே சொன்ன மூன்று சிக்கலும் இங்கேயும் அப்படியே இருக்கின்றன.

ஒரு கல்லூரிக்கு ஒரு கட்-ஆஃப் கிடையாது. பொதுப்பிரிவு, பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, எஸ்சி, அருந்ததியர், எஸ்டி என்று ஏழு வரிசை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்கள் தனி. எந்தச் சுற்றோடு கணக்கை நிறுத்தினார்கள் என்பது இன்னொன்று. ஒரு தளம் முதல் சுற்று பொதுப்பிரிவைப் போட்டிருக்கும், இன்னொன்று கடைசிச் சுற்றைப் போட்டிருக்கும். ரெண்டு ஓடானி கதைதான்.

ஆண்டுகளுக்கான சராசரி இன்னும் மோசம். 2021-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மதிப்பெண்ணும் மற்ற ஆண்டு மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: 2020-ல் 180, 2021-ல் 192, 2022-ல் 182 என்றால் சராசரி 184.67. அந்தக் கல்லூரி எந்த ஆண்டிலும் 184.67-ல் முடியவில்லை. 183 வாங்கிய பிள்ளையிடம் மட்டும் 'உனக்குக் கிடைக்காது' என்று அது சொல்லும். மதிப்பெண்ணுக்குப் பதில் தரவரிசை எண்ணை ஒப்பிட்டாலாவது தேர்வு கடினமா சுலபமா என்ற வித்தியாசம் ஓரளவு கழியும்.

போதாததற்கு, இடங்களும் மாறுகின்றன. 2024–25 முதல் நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. சிஎஸ்இ-யில் இடம் கூடினால் கடைசி மதிப்பெண் இறங்கும். போன வருஷத்து எண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

கேட்கவே வேண்டாத கேள்வி

இதுவரை சொன்னது எண்களின் குறை. எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கட்டும். அப்போதும் ஏடிபியைப் போல கட்-ஆஃபைப் பயன்படுத்துவது தப்பு.

ஃபேன்டஸி டிராஃப்டில் உங்களுக்கு அடுத்த முறை உண்டு, அதனால்தான் 'இருப்பாரா' என்ற கவலை. 2018-க்கு முன்னால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகம் போய், திரையில் மிச்சம் இருக்கிற இடங்களைப் பார்த்து எடுத்தார்கள். அங்கே அடுத்த முறை கிடையாது. ஆனால் எது இருக்கிறது என்று கண்ணால் தெரிந்தது. 2018 முதல் ஆன்லைன். இப்போது பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். உங்கள் முறை வரும்போது மென்பொருள் அதை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் விருப்பம் நிரம்பிவிட்டதா? இரண்டாவதைப் பார். அதுவும் இல்லையா? மூன்றாவது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது: கிடைக்காத ஒன்றை மேலே போட்டதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. இரண்டாவது விருப்பத்தில் உங்கள் உரிமை ஒரு துளியும் குறையாது. உலகத்தில் எல்லா முறையும் இப்படி அல்ல. பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே முன்னுரிமை என்று இருந்தது. அங்கே கிடைக்காததை மேலே போட்டால் அடுத்ததும் கைவிட்டுப் போகும், ஆகவே கணக்குப் போட்டே ஆகணும். பொருளியல் அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு 2005-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? நம்மிடம் இல்லாத அந்தப் பழைய பாஸ்டன் முறைக்கு ஏற்றபடி பட்டியல் போடுகிறோம்.

"கெடைக்காதுன்னு சைட்டே சொல்லுதுல்லா, அப்புறம் எதுக்கு சார் மேல போடணும்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். மகளுக்கு 185. அவள் விரும்புவது மதுரையில் ஒரு கல்லூரி. மூன்று தளங்களின் சராசரி 188. பாதுகாப்புக்காகப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை முதலில் போட்டு, மதுரையைக் கீழே தள்ளுகிறோம். இந்த ஆண்டு மதுரை 184.5-ல் முடிகிறது. 184.5 எடுத்த பிள்ளை மதுரைக்குப் போகும். 185 எடுத்த நம் பிள்ளைக்குப் பக்கத்துக் கல்லூரி, ஏன்னா மென்பொருள் மதுரை வரைக்கும் இறங்கி வரவே இல்லை. ஏற்றுக்கொண்டு 'மேல்நோக்கி' காத்திருக்கும் வாய்ப்பும் உதவாது. கிடைத்த இடத்துக்கு மேலே நாம் போட்டவற்றைத்தான் அது பார்க்கும். மதுரை இருப்பதோ கீழே. நான்கு வருஷம் எங்கே படிப்பது என்பதை ஒரு சராசரி தீர்மானித்துவிட்டது.

அப்போ கட்-ஆஃப் எதுக்கு?

தூக்கிப் போட வேண்டாம். பட்டியலின் தலையை முடிவு செய்ய அது வேண்டாம், அடியை முடிவு செய்ய வேண்டும். உங்கள் தரவரிசைக்கு நிச்சயம் கிடைக்கும் என்று நினைக்கும் இடத்துக்கும் கீழே இன்னும் சில கல்லூரிகள் வரை பட்டியல் நீள்கிறதா? அதைச் சரிபார்க்கப் போன ஆண்டின், உங்கள் பிரிவின், உங்கள் சுற்றின் தரவரிசை எண் போதும். பல தளச் சராசரி தேவையில்லை. பணம் கட்டி மேனேஜ்மென்ட் இடம் பிடித்துவைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் அது ஓரளவு உதவும்.

தலைப்பகுதி முழுக்க ஆசைப்படிதான். எந்தப் பிரிவு, எந்த ஊர், விடுதிச் செலவு தாங்குமா, அங்கே படித்த சீனியர் என்ன சொல்கிறார் என்று பார்த்து வரிசை போடுங்கள். சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஏடிபியை நன்றாகப் பயன்படுத்துகிற ஆட்டக்காரர்கள் முதலில் தங்கள் சொந்தத் தரவரிசையை எழுதி வைப்பார்கள், பிறகுதான் ஏடிபியைத் திறப்பார்கள். அவர்களிடமிருந்து இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடன் வாங்கலாம். பிள்ளை தன் பட்டியலை ஒரு தாளில் எழுதி முடிக்கிற வரைக்கும் எந்தக் கட்-ஆஃப் அட்டவணையையும் வீட்டில் திறக்காதீங்க.