ஐந்து காபிக்கொட்டைகள்

ஏற்காட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி நிரலின் அரிச்சுவடியைச் சொல்லித்தர ஐந்து காபிக்கொட்டைகள் போதும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. கொட்டையின் ஒரு பக்கம் வளைவு. மறுபக்கம் நடுவே கோடு ஓடிய தட்டை. வளைவு மேலே இருந்தால் பூஜ்யம், தட்டை என்றால் ஒன்று. ஒற்றையாக உருண்டு விளைந்தவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

இடமிருந்து 16, 8, 4, 2, 1 என மதிப்பு வைத்தால் 32 நிலைகள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; மிஞ்சும் ஒன்று சொற்களுக்கிடையே வெற்றிடம். தமிழ் எவ்வளவு கச்சிதமாக அடங்கிவிடுகிறது! ‘அ’ 1 என்று தொடங்கினால் ‘ம்’ 22: முதல், மூன்றாம், நான்காம் கொட்டைகளைத் திருப்பினால் போதும். அ, ம், ம், ஆ என்று நான்கு வரிசையில் ‘அம்மா’ வந்துவிடுவாள்.

அடுத்த பாடம் வாசலில். ஒருத்தி கட்டளை சொல்ல, இன்னொருத்தி அதன்படியே கோலம் இழுக்க வேண்டும்: “ஒரு புள்ளி முன்னே போ, வலப்பக்கம் வளை, இதையே நாலு தடவை செய்.” இழை தப்பினால் எந்தக் கட்டளையில் பிசகு என்று இருவரும் தேடுவார்கள். நிரலெழுதுவோரின் அன்றாட வேலையே அதுதான்.

1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணத்தில் அமைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது.