‘றெபேக்கா’: மறைக்கப்பட்ட கொலையும் மீண்டெழுந்த மனைவியும்

டப்னி டு மொறியரின் ‘றெபேக்கா’ 1938ஆம் ஆண்டு வெளிவந்தது. காதலும் மர்மமும் கலந்த பொழுதுபோக்கு நாவல் என்ற முத்திரை அதன்மீது விரைவிலேயே குத்தப்பட்டது. பெண்ணிய ஆய்வாளர் பிற்காலத்தில் அதனை மீட்டெடுத்தமை வரவேற்கத்தக்கதே. எனினும், அச்சத்தால் ஒடுங்கிய பெண்ணொருத்தி உளக்காயத்திலிருந்து மீண்டெழும் கதையாக மட்டும் இதனை வாசிப்போமாயின், அம்மீட்சிக்கு யார் விலை கொடுத்தனர் என்ற வினா எழாமலே போய்விடும்.

கதைசொல்லிக்குப் பெயர் இல்லை. செல்வச் சீமாட்டியொருத்திக்குக் கூலித்துணையாக மொன்ரி கார்லோவுக்கு வந்த அவள், மக்சிம் டி வின்ரரை மணந்து மண்டர்லி மாளிகையின் எசமானியாகின்றாள். அங்கு ஒருநாள் பீங்கானாலான மன்மதப் பதுமையொன்றைத் தவறுதலாக உடைத்துவிட்டு, துண்டுகளை இழுப்பறையில் ஒளித்து வைக்கின்றாள். பழி றொபேட் என்ற ஏவலாளன்மீது விழுகின்றது. தன் வீட்டுப் பொருளை உடைத்தவள் ஏன் பணிப்பெண்போல் அஞ்சவேண்டும்? அவளது காயம் முதன்மையாக வர்க்கக் காயம் என்பதை இச்சிறு நிகழ்ச்சி காட்டிவிடுகின்றது. இறந்த முதல் மனைவி றெபேக்காவின் நிழலும், வீட்டு மேற்பார்வையாளர் திருமதி டன்வேர்சின் கொடுமையும் அக்காயத்தை ஆழப்படுத்துவன, தோற்றுவிப்பன அல்ல.

றெபேக்காவைத் தானே சுட்டுக் கொன்று, உடலைப் படகோடு மூழ்கடித்ததாக மக்சிம் பின்னர் ஒப்புக்கொள்கின்றான். கொலைக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது, வேறொருவனின் பிள்ளை மண்டர்லியின் வாரிசாகும் என்று அவள் எள்ளியமை. ஆக, மானப்பிரச்சினையாகத் தோன்றுவதன் உள்ளே இருப்பது சொத்துரிமை. கொலையைக் கேட்ட கதைசொல்லியின் உள்ளத்தில் மேலோங்குவதோ, அவன் றெபேக்காவை ஒருபோதும் நேசிக்கவில்லை என்ற பேருவகை. மறுநாளே அவள் டன்வேர்சுக்குத் தயக்கமின்றிக் கட்டளையிடுகின்றாள். ‘முதிர்ச்சி’ எனப்படுவது இதுதான்.

இரகசியம் எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதிலேயே நாவலாசிரியையின் கூர்மை வெளிப்படுகின்றது. படகின் அடிப்பலகையில் வேண்டுமென்றே துளைகள் இடப்பட்டிருந்தன என்று படகு கட்டும் தொழிலாளி மரண விசாரணையிற் சாட்சியமளிக்கின்றான். தீர்ப்போ தற்கொலை என்றாகின்றது. நடந்ததைக் கண்டிருக்கக்கூடிய பென் என்ற பேதை, மனநோய் விடுதியில் அடைத்துவிடுவர் என அஞ்சி வாய்திறப்பதில்லை. றெபேக்காவுக்குத் தீராப் புற்றுநோய் இருந்ததாக இலண்டன் வைத்தியர் கூறவே, தற்கொலைக்குக் காரணமும் கிடைத்துவிடுகின்றது. நீதவானான கேணல் ஜூலியன் உண்மையை ஊகித்திருப்பார் என மக்சிமே கருதுகின்றான். ஆனால் அவர் அதற்குமேல் துருவுவதில்லை. ஒரே மேசையில் உண்டவர்களல்லவா!

1940இல் இந்நாவலைப் படமாக்கிய ஹிச்கொக், மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்பக்கூடாது என்ற அமெரிக்கத் திரைப்பட ஒழுக்க விதியினால் கொலையை விபத்தாக மாற்ற நேர்ந்தது. அதனால் நாவலின் முள்ளே பிடுங்கப்பட்டுவிட்டது எனலாம். டு மொறியர் கொலையைக் கொலையாகவே விட்டுவைத்தார். ஆயினும் குற்றவாளியை நீதிமன்றில் நிறுத்தாது மாளிகையைத் தீக்கிரையாக்கியதில் அவரது தயக்கமும் தெரிகின்றது. தன் கதைசொல்லியைவிட அவர் அதிகம் அறிந்திருந்தார் என்பதே என் கருத்து; நாவலின் தொடக்க அத்தியாயங்கள் அதற்குச் சான்று. அங்கு, எல்லாம் முடிந்த பின்னர், தம்பதியர் அந்நிய நாட்டு விடுதியொன்றில் ஒதுங்கி வாழ்கின்றனர். அவள் அவனுக்கு இங்கிலாந்துக் கிரிக்கெட் செய்திகளை வாசித்துக் காட்டுகின்றாள். மண்டர்லியை நினைவூட்டக்கூடிய பகுதி வருமிடத்து, வாசிக்காமற் கடந்துவிடப் பழகிக்கொள்கின்றாள்.