வாயிற்கதவின் வர்க்க முகம்

இலக்கியத்தை மட்டுமன்றி, மனிதன் ஆக்கிப் பொதுவிடத்தில் நிறுத்தும் எப்பொருளையும் விமர்சகன் ஆராயலாம். நியூயோர்க் நகரின் நிலத்தடி ரயில் நிலையங்களிலுள்ள வாயிற்கதவுகள் அத்தகைய ஆய்வை வேண்டி நிற்பன.

2023 மே மாதத்தில், அப்பெருநகரப் போக்குவரத்து அதிகாரசபை நியமித்த குழு தனது அறிக்கையை வெளியிட்டது. கட்டணமும் வீதிச் சுங்கமும் செலுத்தப்படாமையால் 2022இல் 690 மில்லியன் டொலர் இழக்கப்பட்டதென்பது அதன் கணிப்பு. இதில் நிலத்தடி ரயிலுக்குரியது 285 மில்லியன். பஸ்ஸுக்குரியதோ 315 மில்லியன். பஸ்ஸுக்கு ஏது வாயிற்கதவு? கதவினால் மட்டும் தீரக்கூடிய பிணி இதுவன்று என்பதற்கு இவ்வொரு கணக்கே போதும்.

கதவின் அமைப்பையே நோக்குவோம். இடுப்பளவு உயர்ந்த பழைய சுழற்கதவு, தனியொரு உடலை எண்ணிக் கணக்கிடுவதற்கென்றே பிறந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாயும், சக்கர நாற்காலியில் வருபவரும், பெட்டி சுமப்பவரும் அதனூடே புகவியலாது. அவர்கள் அருகிலுள்ள அவசர வெளியேறு கதவை நாடுவர். அது ஒருமுறை திறந்தால் பின்னே வருவோர் யாவரும் நுழைவர். நிலத்தடி ரயிலிற் கட்டணமின்றிப் புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வழியே வருகின்றனர் என்பதை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. ஆக, குற்றத்தின் வழியை முதலில் அமைத்துக் கொடுத்தது கதவைச் செய்தவரின் அலட்சியமே. 2023 டிசெம்பரில் சட்பின் நிலையத்தில் அகன்ற புதுக்கதவுகள் நிறுவப்பட்டன. அப்பால் கையை நீட்டி உணர்கருவியின் முன் அசைத்தால் அவை திறக்குமென்பதை மக்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர்! 2025இல் வேறொரு நிலையத்தின் சுழற்கதவுகளுக்கிடையே பல்வரிசை போன்ற உலோகத் தகடுகள் முளைத்தன.

அறிக்கைக்கு நீதி செய்தல் வேண்டும். வறுமைக் கோட்டின் 200 சதவீதம் வரை வருமானமுடையோருக்கு அரைக் கட்டணச் சலுகை வழங்குமாறு அது பரிந்துரைத்தது. ஆனால், 2024இல் நகர நிர்வாகம் 145 சதவீதத்துக்கே இணங்கியது. கதவுக்குக் கிடைத்த செவி இதற்குக் கிடைக்கவில்லை.

கதவை மீறுவோர் யாவரும் தன்னலமிகளெனல் வரலாறறியாமை. 2019 ஒக்டோபரில் சிலியின் தலைநகர் சந்தியாகோவில் ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்தபோது, முதலிற் கதவுகளைத் தாண்டியவர் பாடசாலை மாணவர். மாணவர் கட்டணமோ உயர்த்தப்படவேயில்லை. உழைக்கும் பெற்றோரின் பொருட்டே அவர்கள் பாய்ந்தனர்.

2024 செப்டெம்பர் 15ஆந் திகதி, புரூக்ளினின் சட்டர் அவெனியூ நிலையத்தில், 2 டொலர் 90 சதம் செலுத்தாது புகுந்தாரெனப்பட்ட ஒருவரைப் பொலிசார் பின்தொடர்ந்தனர். அவர் கத்தி வைத்திருந்தாரென்பது பொலிசார் கூற்று. பொலிசார் சுட்டதில் அவரும், ஒரு பொலிஸ்காரரும், வழியே நின்ற பயணிகள் இருவருமாக நால்வர் காயமுற்றனர். பயணியொருவருக்குத் தலையிலே குண்டு பாய்ந்தது.

2025–2029 மூலதனத் திட்டம் 150 நிலையங்களின் புதிய வாயில்களுக்கென 1.1 பில்லியன் டொலரை ஒதுக்குகிறது. குழுவின் கணக்குப்படியே இத்தொகை, நிலத்தடி ரயிலின் ஏறக்குறைய நான்காண்டு இழப்புக்கு ஈடாகும்.