மோச்சிக்கு ஆயுள் அரை மணி நேரம்

ஈப்போவில் மோச்சி கிடைக்காமல் இல்லை. ஈயோன் பேரங்காடியில் (நம்மவர் வாயில் அது இன்னும் ஜஸ்கோதான்) ஐஸ்கிரீம் வைத்தது, எள் வைத்தது, பச்சைத் தேயிலை கலந்தது என்று நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். அதில் ஒன்றைக் கடித்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கடை மோச்சி பெரும்பாலும் புலுட் மாவோடு சர்க்கரையைச் சேர்த்துக் கிண்டியது. நாள்கணக்கில் மெத்தென்று இருக்க அந்தச் சர்க்கரை வேண்டும். ஜப்பானியர் புத்தாண்டுக்கு வீட்டில் செய்யும் மோச்சியில் அரிசியும் தண்ணீரும் தவிர வேறொன்றும் கிடையாது. உரலிலிருந்து எடுத்த முதல் அரை மணி நேரம்தான் அதற்கு நல்ல நேரம். எந்தக் கடையும் அதை விற்க முடியாது. வீட்டில் ஒரு மோச்சி இயந்திரம் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் ஒருவர் மரச்சுத்தியலால் குத்துவார். ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் இன்னொருவர் உரலுக்குள் கைவிட்டு அரிசியைப் புரட்டுவார். 1971இல் தோஷிபா நிறுவனம் வீட்டுக்கான மின்சார இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அது குத்துவதில்லை, பிசைகிறது என்று பழைய முறைதான் சரி என்பவர்கள் இன்றுவரை குறைசொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் தாமான் வீட்டில், பக்கத்து வீட்டுச் சுவர் அதிர நடுச்சாமத்தில் யார் குத்துவது?

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடைகளில் இந்த இயந்திரம் மலிவாக மாட்டும். வாங்குமுன் பின்புறத்தைப் பாருங்கள். 100 வோல்ட் என்று போட்டிருந்தால், நம் 240 வோல்ட்டில் நேராகச் சொருகிய அன்றே அதற்குக் கருமாதி. அதன் வாட் அளவைத் தாங்கும் மின்மாற்றி ஒன்று வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் ரொட்டி இயந்திரங்களையும் பார்க்கலாம். சிலவற்றில் மோச்சிக்கென்றே ஒரு பொத்தான் உண்டு.

ரசனை அரிசியிலிருந்தே தொடங்குகிறது. ஜப்பானிய மோச்சி அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும். பசாரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீளமான சயாம் புலுட். அதிலும் செய்யலாம். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: புலுட் மணி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், சாதா அரிசி கண்ணாடி மாதிரி ஒளியை விடும். கண்ணாடி மணிகள் நிறைய கலந்திருந்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். பிசைந்த பிறகும் அவை குறுணையாகப் பல்லில் நறநறக்கும். சாதா அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸும் அமைலோபெக்டினும் சேர்ந்திருக்கின்றன. புலுட்டில் இருப்பது ஏறக்குறைய முழுக்க அமைலோபெக்டின்தான். அந்தப் பிசுக்கு அங்கிருந்து வருகிறது.

ஜப்பானில் அரிசியைக் குளிர்காலத்து இரவு முழுக்க ஊறவைப்பார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் புழுக்கத்தில் அப்படி விட்டால் காலையில் புளித்த வாடை அடிக்கும். குளிர்பெட்டியில் ஊறட்டும். பிறகு அரை மணி நேரம் வடியவிடுங்கள். வடியாத அரிசியில் வரும் மோச்சி கூழாகத்தான் வரும்.

இயந்திரத்துக்குள் அடியில் தண்ணீர், மேலே அரிசி. தண்ணீர் முழுக்க ஆவியாகித் தீர்ந்ததும் மணி அடிக்கும். இரண்டாவது பொத்தானை அழுத்தி மூடியைக் கட்டாயம் திறந்துவையுங்கள். இல்லையென்றால் மூடியில் கோத்த நீர் உள்ளே சொட்டும். இனி பத்து நிமிடம் கைப்பேசியை எடுக்காதீர்கள். அடியிலிருக்கும் துடுப்பு சுழல, முதலில் சோறு சோறாகவே தடுமாறும். ஒரு பக்கம் குமியும், நடுவில் குழி விழும். அசையாமல் நின்றால் நனைத்த மரக்கரண்டியால் ஒரு தட்டு. மூன்று நான்கு நிமிடத்தில் பருக்கைகளின் விளிம்பு கரையத் தொடங்கும். பிறகு எல்லாம் ஒன்றாகத் திரண்டு, பளபளவென்று தோல் கட்டி, இடுப்பை ஆட்டிக்கொண்டு சுற்றும். பால்மரம் வெட்டியவர்கள் பார்த்தால், ஆசிட் ஊற்றிய தட்டில் பால் உறைந்து கட்டியாவது நினைவுக்கு வராமல் இருக்காது. சத்தமும் மாறும்: தொடக்கத்தில் சளக் சளக், முடிவில் தப் தப். பருக்கை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்துங்கள். இன்னும் மிருதுவாகட்டும் என்று ஓடவிட்டால் இழுவை செத்துவிடும்.

முதல் துண்டை வெறுமனே சாப்பிடுங்கள். நம் நாக்குக்கு இது கஷ்டம், குழம்பைத் தேடும். உறைப்பு, புளிப்பு, உப்பு எதுவும் இல்லையே என்று தோன்றும். மோச்சியில் பல்தான் முதலில் வேலை செய்யும். பல் தடையில்லாமல் இறங்கும், பாதியில் தடுக்கும், பிறகு விட்டுக்கொடுக்கும். நான்காவது ஐந்தாவது மெல்லலில்தான் அரிசியின் மெல்லிய இனிப்பு வரும். இரண்டாவது துண்டுக்குத் துருவிய முள்ளங்கியும் சோயா சாஸும். சூடான மோச்சியோடு முள்ளங்கியின் பச்சைக் காரம் சேர்வதற்கு ஈடாக இனிப்பு வகை எதையும் என்னால் சொல்ல முடியாது. மூன்றாவதை சோயாவில் தொட்டு, நோரி கடற்பாசித் தாளில் சுற்றுங்கள்; தாள் நமுத்துப் போகுமுன் வாய்க்குள் போய்விட வேண்டும்.

இனிப்புக்கு ஜப்பானியர் வறுத்த சோயா மாவில் புரட்டுவார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். புந்தோங்கின் கச்சாங் பூத்தே கம்பத்திலிருந்து பொட்டுக்கடலை வாங்கி, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அரைத்துக்கொள்ளுங்கள். மூலத்தைவிட இது மேல் என்று ஜப்பானியரிடம் சொல்லமாட்டேன், உங்களிடம் சொல்கிறேன். சீனர்கள் புலுட் உருண்டையை வேர்க்கடலைத் தூளில் புரட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். மெங்லெம்பு கடலை பக்கத்திலேயே இருக்கிறது. சிவப்புப் பயற்றை இனிப்பாக மசித்து, கேமரன் மலை ஸ்ட்ராபெரி ஒன்றை அதில் பொதிந்து, மோச்சித் தோலால் மூடினால் இச்சிகோ தாய்ஃபுக்கு. புளிப்பான கேமரன் பழம்தான் இதற்குச் சரி. கையில் சோளமாவு தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை திரும்பி வராது.

புத்தாண்டு சூப்பான ஸோனியில் தோக்கியோ பக்கம் தெளிந்த ரசத்தில் சதுர மோச்சி. கியோத்தோ பக்கம் வெள்ளை மிசோவில் வட்ட மோச்சி. ரசத்துக்கு வழக்கமாகக் காய்ந்த மீன் சீவல் போடுவார்கள். புரட்டாசி சனிக்கிழமையென்றால் கொம்பு கடற்பாசியும் காய்ந்த ஷீத்தாகே காளானும் போதும். இன்னொன்று: ஜனவரி 15 அன்று அங்கே சிவப்புப் பயறு போட்ட அரிசிக் கஞ்சி குடிப்பது பழைய வழக்கம், சில ஊர்களில் மோச்சித் துண்டும் போட்டு. நாம் பொங்கல் பொங்கும் அதே நாள்களில்.

வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளிக் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறக்கிறார்கள்; தோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் சிலர் ஜப்பான் சாப்பாடு என்றாலே தட்டைத் தள்ளிவிடலாம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றதையும், லயத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள் திரும்பாததையும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வற்புறுத்த வேண்டாம்.

மிச்சத்தைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் கல்லாகும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை. விரல் கனத்துக்குத் தட்டி, துண்டு போட்டு உறையவைத்துவிடுங்கள். வேண்டும்போது வாணலியில் அப்படியே வாட்டினால் மேல்தோல் வெடித்து உப்பும், உள்ளே மறுபடி இளகும். இன்னும் மிஞ்சினால் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி, வடகம் போல வெயிலில் காயவையுங்கள். பிறகு மிதமான எண்ணெயில் போட்டால் பொரிந்து மொறுமொறுவென்று வரும். ஜப்பானியர் அதன்மேல் சோயா தடவுவார்கள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளும் பொரித்த கறிவேப்பிலையும்.